ஃபேனை அணைத்தால் தொப்பை கரையாது

ஜிம் மாஸ்டர் வேலையில் வெயிட்டைத் தூக்கிவிடலாம், ஆட்களின் பிடிவாதத்தைத்தான் அசைக்க முடியாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்னோடு சேர்ந்து பல்லைக் கடியுங்கள்.

மழைக்கோட்டு மாப்பிள்ளை

கல்யாணத்துக்குள் தொப்பையைக் குறைக்க வந்தவர் கணேசன். சங்கரன்கோவில் சித்திரை வெயிலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு டிரெட்மில்லில் ஓடினார். ஓடினால் தசை சூடாகும். அந்தச் சூட்டை வெளியே தள்ளத்தான் வேர்வை வருகிறது, அது காற்றில் காய்ந்தால்தான் உடம்பு குளிரும், கோட்டுக்குள் எது காயும் என்று கத்தினேன். எடை குறைந்திருப்பதைக் காட்டினார். அது வெறும் தண்ணீர், குடித்தால் திரும்பிவிடும் என்றேன்.

"அதான் மாஸ்டர், குடிக்காம இருக்கேன்."

சீனித் தண்ணீர்

பனவடலிசத்திரத்திலிருந்து வருகிற டீச்சருக்குச் சுகர் உண்டு. ஒருநாள் மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்து சைக்கிளை மிதித்திருக்கிறார். மாத்திரை ஒருபக்கம், தசைகள் மறுபக்கம் ரத்தத்துச் சர்க்கரையை இழுக்க, கை நடுங்கி, குளிர்ந்து வேர்த்து, கண் சொருகிவிட்டது. பதறிப்போய்ச் சீனியைக் கரைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, டம்ளரின் அடியில் கிடந்த சீனியைப் பார்த்து என்னை முறைத்தார்.

"இவ்வளவு நேரம் மிதிச்சதெல்லாம் வீணாக்கிட்டியே தம்பி."

அணைத்த ஃபேன்

வேர்வை ஊற்றினால்தான் வந்தவனுக்குத் திருப்தி என்பது எங்கள் முதலாளியின் கட்சி. நான் போடுகிற ஃபேனை அவர் அணைப்பார். ஒருநாள் தண்ணீர் கேனையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். அன்று சாயங்காலம், தறி ஓட்டிவிட்டு நேராக வந்த இசக்கிமுத்து வெயிட்டோடு சரிந்தான். தோல் அனலாய்க் கொதித்தது. பேச்சு குழறியது. வெளியே இழுத்துப்போட்டு, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி, பக்கத்து ஜூஸ் கடை ஐஸை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தேன். ஜிம்மின் பெயர் கெட்டுவிடுமென்று முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றார்.

பிழைத்துவிட்டான். மறுநாள் முதலாளியிடம், ஃபேன் ஓடாவிட்டால் அவன் ஏன் விழுந்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார், கேனும் வெளியே வந்தது. ஆனால் என்னைக் கொதிக்க வைத்தவன் இசக்கிமுத்துதான். உடம்பு தேறி வந்தவன், குற்றம் செய்தவன்போல வாசலிலேயே நின்றான்.

"கோவப்படாதீங்க மாஸ்டர், அடுத்த தடவ தாங்கிருவேன்."

உடம்புக்குத் தன் வேலை நன்றாகவே தெரியும், அதன் சொந்தக்காரர்தான் தொல்லை; ஜிம்முக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்துவிட்டால் ரெட்டைத் தொல்லை.