வரைபடத்தில் ஒட்டாத பொட்டு

என் ரேஷன் கார்டின் பின்னட்டையில் பச்சைக் காகிதப் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. அது இருக்க வேண்டிய இடம் அதுவல்ல. மலையாளம் பேசும் கரமனையில் நான் வாடகைக்கு இருக்கும் தெருவை மாற்றிக் கட்டுவதற்கு முன்னால், தெருக்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். தெருவின் படத்தைப் பெரிதாக மேசையில் விரித்து, எது அப்படியே இருக்க வேண்டுமோ அங்கே பச்சைப் பொட்டு, எது வேண்டாமோ அங்கே சிவப்பு என்று ஆளுக்கு ஒவ்வொன்று கொடுத்தாள் படம் வரைந்த பெண். என் பச்சைப் பொட்டு எங்கே போக வேண்டும் என்பது எனக்கு முந்தின நாளே தெரியும்.

பக்கத்து அறையில் குடியிருந்த லாட்டரி அண்ணாச்சிக்குக் கண் தெரியாது. வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். தினமும் கோலைத் தட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய், கிழக்கேகோட்டையில் டிக்கெட் விற்றுவிட்டு வருவார். ரோட்டோரத்தில் அரைச்சாண் உயரத்துக்கு ஒரு கல்விளிம்பு ஓடும். சாயங்காலம் அதில் கோல் படும் சத்தம் கேட்டுத்தான் நான் காப்பிக்கு வெந்நீர் வைப்பேன். "பம்பர் அடிச்சா உனக்கு ஒரு பல்செட்டு, தங்கச்சி. அப்பவாவது வாயத் தொறக்கியான்னு பாப்போம்" என்று கேலி செய்வார். கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் கேலி செய்யவில்லை. "நாளைக்குக் குலுக்கல். யாவாரத்த விட முடியாது. நீ போய்ச் சொல்லிரு, அந்த விளிம்ப மட்டும் எடுக்க வேண்டாம்னு. எனக்கு அதுதான் ரோடு. மத்ததெல்லாம் கடலு." சொல்கிறேன் என்றேன்.

கூட்டத்தில் எல்லாரும் மலையாளத்தில் மளமளவென்று பேசினார்கள். சுவருக்குச் சுவர் சமமாகக் கல் பாவலாம், வண்டிகள் மெல்லப் போகும், பிள்ளைகள் விளையாடலாம், உட்கார்ந்து பேச பெஞ்சு போடலாம். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. படம் வரைந்த பெண் என் பக்கமும் திரும்பி, "அம்மச்சிக்கு எந்தெங்கிலும் பறயானுண்டோ?" என்றாள். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்கிறாள். சொல்ல இருந்தது. அத்தனை முகமும் என்னைப் பார்த்தன. மூன்றாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்தியபோது நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டதே, அப்படியே ஒட்டிக்கொண்டது. "ஒண்ணுமில்ல மோளே" என்றேன். பேசக்கூட வேண்டாம், எழுந்துபோய் ஒட்டியிருந்தால் போதும். அதையும் செய்யவில்லை. வீட்டுக்கு வந்து கையைத் திறந்தால் பொட்டு வேர்வையில் சுருண்டிருந்தது. எறிய மனமில்லாமல், கையில் கிடைத்த கார்டில் ஒட்டினேன்.

"சொன்னியா?" என்றார் அண்ணாச்சி. "சொன்னேன்" என்றேன்.

கல் பாவி முடித்த மறுநாள் அவர் வாசலில் நின்று, கோலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிப் பார்த்தார். தட்டுப்பட ஒன்றும் இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "எத்தன நாளைக்கு?" என்றுவிட்டுத் தனியாகவே போனார். இரண்டாவது வாரம் புதுச் செடித்தொட்டியில் மோதி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு யாவாரம் நின்றது. ஊரிலிருந்து தங்கை வந்து கூட்டிப்போனாள். வண்டியில் ஏற்றும்போது என் கையைத் தடவிப் பிடித்து, "வருத்தப்படாத. நீ சொல்லியும் கேக்கலையே, பாவிப்பயலுவ" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வருஷம் திரும்புவதற்குள் அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது.

தெரு இப்போது அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள். பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் நான் உட்காருவதில்லை. கார்டை நீட்டும்போதெல்லாம் ரேஷன் கடைக்காரர், "இதெந்தா அம்மச்சி, இந்தப் பச்சை?" என்று நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார். நன்றாக ஒட்டிப்போயிருக்கிறது, வரவில்லை.

"ஒண்ணுமில்ல" என்கிறேன்.