மாப்பிள்ளை ஊசி மெட்டில்டா

வாயில் தண்ணீரோடு இருக்கிற வாலிபனை மெட்டில்டா அக்கா விடுவதேயில்லை. பல்லைச் சுத்தம் செய்து முடித்த சுஷ்மா டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார். அக்கா குவளையை நீட்டுவார். அவன் கன்னம் உப்பக் கொப்பளிக்கும்போது, "தம்பி, எச்.பி.வி. ஊசி போட்டாச்சா?" என்று ஆரம்பிப்பார். வாய் நிறையத் தண்ணீர் வைத்திருப்பவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வான்? துப்பி முடித்துவிட்டு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அது பெண்களுக்குப் போடுகிற ஊசியல்லவா?

"வைரசு ஆம்பள பொம்பள பாத்தா வருது?" என்பார் அக்கா. தமிழ் தெரியாதவனுக்கு அதையே தெலுங்கில். முரண்டு பிடிப்பவனுக்கு, "கைக்கு நக்கோ?" என்று ஹைதராபாத் உருதுவில்; ஏன் வேண்டாம் என்று அர்த்தம். தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு என்று புற்றுநோய் வரக்கூடிய இடங்களையெல்லாம் மூன்று மொழியிலும் காய்கறி விலை சொல்வது போலச் சொல்லுவார். வெட்கப்படுவது கேட்பவன் பாடு.

ஏ.எஸ்.ராவ் நகரின் அந்தப் பல் மருத்துவமனையில் அவர் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். நாசரேத்துப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் செகந்திராபாத் வந்த குடும்பம். பேச்சு மட்டும் இன்னும் ரயில் ஏறவில்லை.

திட்டம் சுஷ்மா டாக்டருடையது. வாலிபப் பையன் காய்ச்சல் வந்தால்கூட மருத்துவமனைப் பக்கம் போகமாட்டான். கல்யாணப் படத்துக்காகப் பல் டாக்டரிடம் மட்டும் தானாக வருவான், அப்போது பிடித்தால்தான் உண்டு என்பது அவர் கணக்கு. சனிக்கிழமை ஜெகநாதன் டாக்டர் வந்து ஊசி போடுவார். ஆறு மாதத்தில் மூன்று ஊசி. இருபத்தேழு பிறப்பதற்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஆள் பிடிக்கிற வேலை அக்காவுடையது. கோவிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கல்யாண ஓலை வாசித்து இன்னாருக்கு இன்னார் என்று அறிவிக்கும்போது சபை முழுக்கப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கும். அக்கா மாப்பிள்ளையின் பல்லைப் பார்ப்பார். செவ்வாய்க்கிழமைக்குள் அவன் நாற்காலியில் இருப்பான். இதுவரை நாற்பத்தேழு பேர். அதனால் அதற்கு மாப்பிள்ளை ஊசி என்றே பேராகிவிட்டது.

இத்தனை வேகத்துக்குக் காரணம் அண்ணன் சாம்ராஜ். பீடி, பாக்கு, பிராந்தி எதையும் தொடாதவர். தொண்டைப் புற்றுநோயில் போனார். இந்த வைரசும் காரணமாயிருக்கலாம் என்று சிகிச்சை பார்த்த டாக்டர் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்களோ, மனுஷன் ஒளித்துப் பிடித்திருப்பார் என்று காப்பி குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த எரிச்சல் அக்காவுக்கு இன்றும் ஆறவில்லை.

ஒருமுறை பெண்ணின் அம்மா, கல்பகம் என்ற மாமி, நேரில் வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு ஊசி போட்டார்களாமே, பையனுக்கு அப்படி என்ன வியாதி, என்ன பழக்கம் என்று கேட்டார். கல்யாணமே நிற்கும் போலிருந்தது. அக்கா குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணும் இல்லாதவனுக்குத்தான் போடுதோம் மாமி. வந்த பெறவு போட்டு என்னத்துக்கு? இதுல மறைக்கவும் ஒண்ணுமில்ல, வெக்கப்படவும் ஒண்ணுமில்ல" என்றார். கல்யாணம் நடந்தது. மாமி பந்திக்குக் கூப்பிட்டு இரண்டு மைசூர்பாகு கூடுதலாக வைத்தார்.

ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்! அக்காவுக்கு ஒரே மகன், கலேப். மல்லாபூர்த் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. ஜனவரியில் கல்யாணம். அக்டோபர் பத்தொன்பதில் இருபத்தேழு பிறக்கிறது. அவனிடம் மட்டும் அக்காவுக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில், "ஏல கலேப்பு..." என்று தொடங்குவார். அவன் நிமிர்ந்தால், "சட்னி போதுமா?" என்று முடிப்பார். "சாலு மம்மி" என்று தெலுங்கில் போதும் சொல்வான் அவன். பிள்ளையை அழைத்து வா, நான் பேசுகிறேன் என்றார் சுஷ்மா டாக்டர். பெத்தவள் இருக்கும்போது அடுத்தவர் எதற்கு என்று அக்கா வீம்பாக மறுத்துவிட்டார். ஆகஸ்டு போனது, செப்டம்பர் போனது. அண்ணனின் கடைசி மாதங்கள் கனவில் வர ஆரம்பித்தன. நாற்பத்தேழு பிள்ளைகளைக் காப்பாற்றியவள் சொந்தப் பிள்ளையைக் கோட்டை விடப் போகிறாள் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை மாலை, கலேப் பனியனோடு தோசைக்கு உட்கார்ந்தான். இடது புஜத்தில் வட்டமாக ஒரு சின்ன பிளாஸ்திரி.

"என்னல இது?"

"எச்.பி.வி. மம்மி. ஃபர்ஸ்ட் டோஸ். தார்நாகால ஒரு டென்டல் கிளினிக்ல."

நம்ம கிளினிக் இருக்கும்போது தார்நாகா எதற்கு என்று கேட்டார் அக்கா. அவன் தோசையைப் பிய்த்தபடி, "அக்கட மம்மி லேது கதா" என்றான். அங்கே அம்மா கிடையாதே.

அக்காவுக்கு முதலில் ஸ்தோத்திரம் சொல்லத்தான் தோன்றியது. கண் கலங்கியதைத் தோசைப் புகையின் மேல் போட்டார். அடுத்தது கோபம். என் பிள்ளையை அந்தக் கிளினிக்கில் எவளோ ஒருத்தி சம்மதிக்க வைத்திருக்கிறாள்! கோபமும் தணிந்த பிறகு அந்தக் கேள்வி வந்தது. கூப்பிடாமலே தானாகப் போய்ப் போட்டிருக்கிறானே, இவனுக்கு அப்படி என்ன... அதற்கு மேல் நினைக்கவே அக்கா பயந்தார். கேட்கவும் இல்லை. அடுத்த ஊசி எப்போது என்று மட்டும் கேட்டார். டிசம்பர் பன்னிரண்டு என்றான்.

அடுப்பை அணைத்துவிட்டு முன்னறைக்குப் போனார். சுவரில் சபை காலண்டர். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வருகிற பெண்கள் அத்தனை பேரும் புரட்டிப் பார்க்கிற காலண்டர். டிசம்பரைத் திருப்பி, பன்னிரண்டாம் தேதிக் கட்டத்தில் 'கலேப்' என்று எழுதினார். 'ஊசி' என்று எழுதப் போன பேனாவை எடுத்துவிட்டார். பிறகு பக்கத்தில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில், 'பல்' என்று எழுதினார்.