மௌனத் தடத்துக்கு ஐந்து மதிப்பெண்

ஒயரக்கா இல்லாவிட்டால் அந்தக் கல்லூரியின் மின்னணு ஊடகம் மற்றும் அரங்கக் கலைத் துறையில் ஒரு விளக்குகூட எரியாது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியாயிற்று. எரிய விடுவதற்கு அங்கே ஆட்கள் உண்டு. அணைக்கத்தான் யாருக்கும் தெரியாது. பேராசிரியர்கள் நாலு பேர் சேர்ந்து மேடை விளக்கைப் போட்டுவிடுவார்கள். அது தகதகவென்று எரிந்து எல்லோருடைய மண்டையையும் வறுக்கத் தொடங்கியதும், "அக்கா எங்கே, அக்காவக் கூப்பிடு" என்று ஆள் போகும். அவள் வந்து சுவிட்சைத் தட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போவாள். பேசாமல் போவதுதான் அவர்களைச் சுடும் என்பது அவளுக்குத் தெரியும்.

பத்தொன்பது வருஷமாக அவள் அங்கே தற்காலிக உதவியாளர். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அந்த அலுவலகத்தில் மட்டும் அகராதி வேறு. எப்போது பார்த்தாலும் தோளில் ஒயரைச் சுற்றிப் போட்டுக்கொண்டு நடப்பதால் மாணவர்கள் வைத்த பெயர் ஒயரக்கா. பள்ளிப் படிப்போடு வந்தவள், கருவிகளோடு பெட்டிக்குள் வந்த கையேடுகளைப் படித்தே தொழிலைக் கற்றாள். அந்தக் கையேடுகளைப் பிரித்துப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் பெட்டியைத் திறந்தபோது கைதட்டிப் படம் எடுத்துக்கொண்டதோடு சரி.

ஊடகத்துக்கு ஒரு ஸ்டூடியோ, அரங்கக் கலைக்கு ஒரு கூடம், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. இதுதான் துறை. இந்தப் பக்கம் ஒரு பெண் செய்தி வாசிக்கப் பழகும்போது, அந்தப் பக்கம் முப்பது பிள்ளைகள் வாயால் மூச்சு விட்டுப் புயலாக மாறிக்கொண்டிருப்பார்கள். தங்கம் விலை சரிந்தாலும் சரி, விளையாட்டில் வென்றாலும் சரி, அந்தத் துறையின் செய்தியில் பின்னால் புயல் வீசும்.

துறைத்தலைவருக்கு ரோலிங் என்று பெயர். வருகைப் பதிவு எடுப்பதானாலும் டீ வரவழைப்பதானாலும், படப்பிடிப்பில் கேமரா ஓடத் தொடங்கியதும் சொல்வதுபோல், "ரோலிங்" என்று சொல்லித்தான் தொடங்குவார். தொலைக்காட்சியைப் பற்றி நானூறு பக்கம் எழுதி முனைவர் பட்டம் வாங்கியவர். வீட்டு டி.வி.யில் சத்தத்தைக் கூட்ட மகளைக் கூப்பிடுவார். கேமரா பழுதாகிவிடும் என்று பயந்து அதை இரும்பு பீரோவில் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டவர். மாணவர்கள் கேமராவைப் பார்த்ததில்லை. ரெக்கார்டு நோட்டில் வரைந்திருக்கிறார்கள். பாகங்களைக் குறித்து, பென்சிலால் நிழல் போட வேண்டும். நிழல் நன்றாக விழுந்தால் முதல் வகுப்பு.

இந்த ரோலிங்கின் புகழ்பெற்ற கண்டுபிடிப்புதான் மௌனத் தடம். அது பிறந்த கதை ஒயரக்காவுக்கு மட்டும் தெரியும்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், பல மைக்குகளின் ஒலியை ஒன்றாகச் சேர்க்கிற மிக்ஸரில் மூன்றாவது தடம் மட்டும் கொரகொரவென்று இரையத் தொடங்கியது. மாற்றுப் பாகம் கிடைக்கவில்லை. யாரும் அதில் மைக்கைச் செருகிவிடக் கூடாதென்று ஒயரக்கா கறுப்பு நாடாவை ஒரு துண்டு வெட்டி அதன் மேல் ஒட்டினாள். அந்தச் சமயம் தலைவர் ஆறு மாத விடுப்பில் போயிருந்தார். திரும்பி வந்தவர் நாடாவைப் பார்த்தார். ஒரு உதவியாளரிடம் போய் இது என்ன என்று கேட்டால் கௌரவம் என்ன ஆவது? அன்றே வகுப்பில் மாணவர் ஒருவர் கேட்டுத் தொலைக்க, தலைவர் கண்ணை மூடி ஒரு நிமிடம் யோசித்தார். "மூன்றாம் தடம் காலியாக இருக்க வேண்டும். அது ஒலி மூச்சு விடுவதற்கான இடம். அதை மௌனத் தடம் என்போம்."

என்போம் என்றார், என்றார்கள். அடுத்த வருஷம் அது அச்சடித்த குறிப்பில் ஏறியது. அதற்கடுத்த வருஷம் இரண்டு மதிப்பெண் கேள்வியானது, பிறகு ஐந்தானது. படித்துப் போன பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்த இடங்களில் எல்லாம் நல்ல மிக்ஸரில் மூன்றாவதை நாடா ஒட்டி மூடியதாகவும், ஊரில் பாதி ஒலிப்பதிவுக் கூடங்கள் இன்னமும் அப்படி இருப்பதாகவும் ஒயரக்கா சொல்வாள். பாதி என்பதை நாலில் ஒன்றாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன் புது மிக்ஸர் வந்தது. எல்லாத் தடமும் கண்ணாடிபோல் சுத்தமாகப் பேசியது. தலைவர் பார்த்துவிட்டு, "மூணாவதுக்கு நாடா எங்க?" என்றார். ஒயரக்கா மறுபேச்சுப் பேசாமல் ஒட்டினாள். வருஷா வருஷம் அவளுக்கு வேலை நீட்டிப்பில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். தவிர, ஒட்டும்போது அவளுக்கு உள்ளூரச் சிரிப்பாகவும் இருந்தது. அவளையும் ரொம்ப நல்லவள் என்று சொல்லிவிட முடியாது.

அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்கும் நாள் வந்தது. இனிமேல் சான்றிதழ் உள்ளவர்கள்தான் கருவிகளைத் தொடலாம் என்று கல்லூரி நிர்வாகம் சுற்றறிக்கை விட்டது. தொழில்நுட்பர் என்று ஒரு நிரந்தரப் பதவி. அதற்கு ஒலி ஒளிச் சான்றிதழ் கட்டாயம். வருஷக் கடைசிக்குள் அது இல்லாவிட்டால் பத்தொன்பது வருஷமும் குப்பைக்கூடைக்கு, ஒயரக்கா வீட்டுக்கு. அந்தச் சான்றிதழைக் கொடுப்பது யார்? அதே துறை. நடத்துவது யார்? அதே ரோலிங்.

மாலை வகுப்பில் சேர்ந்தாள். மொத்தம் ஏழு பேர். அழகு நிலையம் வைத்திருந்த நாத்தனாரும், அதில் நாடக ஒப்பனைக்கும் ஒரு பாடம் உண்டென்று, கூடவே சேர்ந்துகொண்டாள். ஒயரக்காதான் அறையைத் திறந்து, புரொஜெக்டரை மாட்டி, தலைவர் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு, பிறகு பெஞ்சில் மாணவியாகப் போய் உட்காருவாள். தலைவர் "ரோலிங்" என்பார். புரொஜெக்டர் படுத்துக்கொள்ளும். அவள் எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு வருவாள். அனுமதியின்றி இருக்கையை விட்டு எழுந்ததற்காக அவளுடைய ஒழுக்க மதிப்பெண்ணில் இரண்டு குறைந்தது.

எழுத்துத் தேர்வில் மௌனத் தடத்தின் அவசியத்தை விளக்கச் சொன்னார்கள். ஒயரக்கா குறிப்பில் இருந்ததை அப்படியே எழுதி, அடிக்கோடும் போட்டாள். வேலை வேண்டுமே.

செய்முறைத் தேர்வு ஸ்டூடியோவில், எல்லோர் முன்னிலையிலும். வெளித்தேர்வாளராக வந்தவர் வானொலியில் முப்பது வருஷம் ஒலிப்பதிவு செய்து ஓய்வு பெற்றவர். அவர் கையில் ஐம்பது மதிப்பெண், தலைவர் கையில் ஐம்பது. இரண்டிலும் தனித்தனியாக இருபது வாங்கினால்தான் தேர்ச்சி. வந்ததும் மிக்ஸரைப் பார்த்தார்.

"இது என்னப்பா பிளாஸ்திரி?" என்று முதல் மாணவரைக் கேட்டார்.

"மௌனத் தடம் சார். ஒலி மூச்சு விடுவதற்கான இடம் சார்."

அடுத்தவரைக் கேட்டார். அவரும் ஒரு எழுத்துப் பிசகாமல் அதையே சொன்னார். மூன்றாமவரும். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன். எனக்கு இத யாரும் சொல்லலியே."

"புதுக் கோட்பாடு சார். இங்க நாங்க வளர்த்தெடுத்தது" என்றார் தலைவர், அடக்கமாக.

ஒயரக்காவின் முறை வந்தது. பெரியவர் நாடாவின் மேல் விரலை வைத்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இது எதுக்கு?"

உண்மையைச் சொன்னால் தலைவரின் ஐம்பது போச்சு. குறிப்பைச் சொன்னால் இவருடைய ஐம்பது போச்சு.

"நான்தான் சார் ஒட்டினேன்."

"ஏன் ஒட்டினீங்க?"

"தலைவர் சார் ஒட்டச் சொன்னாங்க."

தலைவர் தலையாட்டினார். இதுவரை யாருக்கும் சேதமில்லை.

"அவர் சொன்னது இருக்கட்டும். மெஷினுக்கு என்ன கோளாறு?"

மனிதர்களைப் பற்றி ஒயரக்கா எவ்வளவு வேண்டுமானாலும் அளப்பாள். இயந்திரத்தைப் பற்றி நேருக்கு நேர் கேட்டால் அவளுக்குப் பொய் வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"இந்த மெஷினுக்கு ஒண்ணும் இல்ல சார். பழைய மெஷின்லதான் மூணாவது இரைஞ்சுது. யாரும் கை வெச்சிடக் கூடாதுன்னு ஒட்டினேன். புதுசு வந்தப்ப இதுலயும் ஒட்டுன்னாங்க, ஒட்டிட்டேன்."

அறையில் யாரும் மூச்சு விடவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் புயல் மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் நகத்தால் நாடாவைக் கிளப்பிப் பிய்த்தார். ஒயரக்கா மைக்கை மூன்றாவதில் செருகி, ஒலியைக் கூட்டி, அதைத் தலைவர் கையில் கொடுத்தாள். "பேசுங்க சார்."

தலைவர் திருதிருவென்று விழித்தார். வேறு எதுவும் வாயில் வராமல், "ரோலிங்" என்றார். கட்டடம் முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கம் புயலே நின்றுவிட்டது.

"நல்லாத்தானே பேசுது" என்றார் பெரியவர்.

"இது ஒரு விதிவிலக்கான சூழல்" என்றார் தலைவர். அதுவும் மைக்கில் போய்விட்டது.

பெரியவர் நாற்பத்தேழு போட்டார். தலைவர் தன் கட்டத்தில் எட்டு என்று எழுதி, பேனாவை மூடினார். எட்டு போதாது. அப்போது சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த அரங்கக் கலை விரிவுரையாளர் எட்டிப் பார்த்தார். ஒயரக்கா மேல் அந்த அம்மாவுக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. அடுத்த மாத நாடகத்துக்கு விளக்குப் போட வேறு நாதியில்லை, அவ்வளவுதான்.

"இருபதுக்குக் கீழ போட்டா பக்கத்துக் கட்டத்துல காரணம் எழுதணும் சார். இல்லன்னா ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க."

தலைவர் பேனாவைத் திறந்தார். காரணம் என்ன எழுதுவது? மௌனத் தடத்தில் சத்தம் வரவழைத்துவிட்டாள் என்றா? பேனா முனை காகிதத்துக்கு மேல் கொசுவைப்போல் சுற்றியது. நெற்றியைத் துடைத்தார். எங்கேயும் உட்கார இடம் கிடைக்காத பேனா, கடைசியில் எட்டுக்கு முன்னால் ஒரு இரண்டைப் போட்டுவிட்டு ஓய்ந்தது.

பெரியவர் போன வண்டி வாசலைத் தாண்டியதும் தலைவர் தொண்டையைச் செருமினார். "திங்கட்கிழமை பகல் வகுப்புக்குத் தேர்வு. பிள்ளைங்க குறிப்பைப் படிச்சிட்டு வருவாங்க. மூணாவதுல நாடாவ ஒட்டிடுங்க." ஒயரக்கா கத்தரிக்கோலை எடுத்தாள். அவரைப் பார்க்காமல், நேராக, முன்னைவிட அழகாக ஒட்டினாள்.

வீட்டில் அவள் கணவர், தையல்காரர், சட்டைக்குப் பொத்தான் வைத்தபடி கதை கேட்டார். நாத்தனார் ஒரு மூலையில் ஒப்பனைத் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அந்த வானொலிக்காரர், அவ்வளவு பெரிய மனுஷன், என்னதான் சொன்னார்?"

"அத ஏன் கேக்கறீங்க. சட்டுனு நாற்காலிய விட்டு எந்திரிச்சாரு. கையெடுத்துக் கும்பிட்டாரு. 'இந்தத் துறைக்குத் தலைவரா இருக்க வேண்டியவங்க நீங்கதாம்மா'ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. ரோலிங் மூஞ்சியப் பாக்கணுமே."

"அப்படியா?" என்று தையல்காரர் ஊசியை நிறுத்தினார்.

"அப்படிச் சொல்லல அண்ணே" என்றாள் நாத்தனார், தூரிகையை உதறியபடி. "எந்திரிச்சது பாத்ரூம் எங்கன்னு கேக்க. அண்ணிதான் கூடப் போய் வழி காட்டினாங்க, நானும் பின்னாலயே போனேன். அப்பதான் சொன்னாரு, 'ஏம்மா இந்தக் கூட்டத்துல கெடந்து பொழப்பக் கெடுத்துக்கறீங்க, வெளிய ஒரு ரிப்பேர் கடை போட்டா நல்லா ஓடுமே'ன்னு."