முட்டை தொடாத டீச்சர்

“சத்தமா கேளு. சாருக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக்கோ.”

கணவரின் பழைய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, தலைமையாசிரியர் வேடத்தில் உட்கார்ந்திருக்கிறார் தர்மவதி டீச்சர். எதிரே நாலரை வயதுப் பையன் ஒருவன் கால்சட்டையைப் பிடித்தபடி நெளிகிறான். “சார், ஒண்ணுக்குப் போவணும்!” என்று அவன் கத்திய பிறகுதான் வழி விடுகிறார். ஒன்றாம் வகுப்பில் முதல் வாரம் அழுகிற பிள்ளைகளில் பாதி, இதைக் கேட்கத் தெரியாமல் நனைத்துக்கொண்டவைதான் என்பது அவர் கட்சி. “அ, ஆ எல்லாம் அங்க சொல்லிக்குடுப்பாங்க. இத யாருங்க சொல்லிக்குடுப்பாங்க?”

வேங்கிக்காலில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது அந்தப் பால்வாடி. தெருவில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி கான்வென்டுக்கு அனுப்புகிறார்கள். நான் என் மகள் கவிநிலாவை எதிர்வாசலுக்கு அனுப்புகிறேன். கஞ்சப்பயல் என்று பேச்சு. பேசட்டும். வேனில் போகிற பிள்ளைகளுக்கு இன்னும் அம்மாதான் சட்டைப் பொத்தான் மாட்டுகிறாள். கவிநிலா எனக்கே மாட்டிவிடுகிறாள்.

டீச்சர் வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார். கிழங்கு வகை எதுவும் அவர் வீட்டுக்குள் நுழையாது. இப்படிப்பட்டவருக்கு வாய்த்ததோ முட்டை போடுகிற பால்வாடி. சேர்ந்த புதிதில் முட்டை நாளன்று லீவு போட்டுவிடுவாராம். லீவு கிடைக்காத ஒரு முட்டை நாளில்தான் கவனித்திருக்கிறார்: ஆயா பச்சையம்மாளிடமிருந்து பிடுங்கித் தானே உரிக்கிற பிள்ளைக்குத்தான் பலப்பம் விரலில் நிற்கிறது. அன்றிலிருந்து லீவு இல்லை. மூன்று வயது தாண்டியவர்கள் எல்லாம் தாங்களே உரிக்க வேண்டும். டீச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்று, வாயாலேயே பாடம் நடத்துவார். “அடிப்பக்கம் தட்டு. மெதுவா. தோல மட்டும் எடு, முட்டையக் கிள்ளாத.” வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் போவார். “என் விரதம் எனக்கு. அதுங்க விரலு அதுங்களுக்கு.”

பௌர்ணமிக்கு மறுநாள் மட்டும் பாடம் கிடையாது. கிரிவலப் பாதையில் கற்பூரம் விற்ற அப்பா அம்மாவோடு விழித்திருந்த பிள்ளைகள் வந்ததும் சுருண்டு படுத்துவிடும். டீச்சர் எழுப்ப மாட்டார். தெருவில் ஹாரன் அடிக்கிறவனோடு சண்டைக்குப் போவார்.

ஜூன் மாதம் ஐந்து வயதுக்காரர்களைத் தானே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளை கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொட வேண்டும், தொட்டால் சேர்க்கை. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகிற பிள்ளைதான் தயாரான பிள்ளை என்பார் டீச்சர். ஆனால் மணியடித்த பிறகும் வாசலிலேயே நிற்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “திரும்பிப் பாத்துட்டா நான் ஃபெயிலுங்க. இருந்தாலும், ஒண்ணாவது திரும்பினா நல்லா இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு அந்த வாசலில்தான் தென்றலின் கதை கெட்டது. கொத்து வேலை செய்யும் காசியின் மகள் அவள். வாய் ஓயாத பெண், உருவம் மட்டும் பொடிசு. கையை வளைத்தாள், காதுக்கு ஒரு விரல் குறைந்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர். “அஞ்சு முடிஞ்சுதா டீச்சர்? நீங்க சொன்னா சேத்துக்கறேன்” என்றார். பொய் சொல்லியே பழகாத டீச்சர், “ஆகஸ்ட்லதான் சார் முடியுது” என்றார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆகிவிட்டது. அடுத்த பொங்கலுக்கே தென்றல் காதைத் தொட்டாள். மே மாதம் காசி குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான்.

அவளுடைய சிலேட்டு பால்வாடிச் சுவரில் ஆணியிலேயே தொங்கியது. வேறு பிள்ளை எடுத்தால் டீச்சர் வாங்கித் திரும்ப மாட்டிவிடுவார். பெங்களூரிலிருந்து யார் வந்தாலும் விசாரிப்பார்: “கட்டட வேலை நடக்குற எடத்துல, ஜாஸ்தி பேசுற ஒரு சின்னப் பொண்ணப் பாத்தீங்களா?” அவ்வளவு பெரிய ஊரில் எங்கே பார்ப்பது? “ஒரே ஒரு ஆமா சொல்லியிருந்தா போதும்” என்று என் மனைவியிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். “இந்நேரம் அவ மூணாவது படிச்சிருப்பா.”

இந்த ஜூனில் காசி திரும்பி வந்தான். தென்றலுக்கு எட்டு வயது ஆகப்போகிறது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. இடுப்பில் இரண்டு வயதுத் தம்பி மூர்த்தி. பால்வாடி வாசலில் நின்றவள் பேசவே இல்லை. ஆணியில் தொங்கிய சிலேட்டையே பார்த்தாள்.

“ரெண்டு பேரும் வேலைக்குப் போனா, இவனை யாரு பாத்துக்கறது டீச்சர்? அதான் இவ வூட்லயே இருக்கா” என்றான் காசி.

டீச்சர், தென்றலின் இடுப்பிலிருந்து மூர்த்தியை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகுதான் சொன்னார்: “நான் பாத்துக்கறேன். மொதல்ல அவ கை காலியாவட்டும்.”

மறுநாளே பள்ளிக்கூடம். காதைத் தொடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கு நடுவே பனைமரமாக நடந்து உள்ளே போனாள் தென்றல். திரும்பிப் பார்க்கவில்லை. மூர்த்தியைச் சுமந்தபடி டீச்சர் மணியடித்து வெகுநேரம் வாசலிலேயே நின்றார்.

வியாழக்கிழமை முட்டை நாள். கவிநிலாவைக் கூப்பிடப் போயிருந்தேன். அக்கா இல்லாத பால்வாடி மூர்த்திக்கு இன்னும் பிடிபடவில்லை. டீச்சர் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். பச்சையம்மாள் உரித்து நீட்டிய முட்டையைத் தட்டிவிட்டான். இன்னொன்று நீட்டினாள்; அதுவும் உருண்டு ஓடியது. “இன்னாமா இவன், உன் கையாலதான் துன்னுவான் போலக்கீது” என்று அலுத்துக்கொண்டாள்.

டீச்சர் கையை நீட்டி, தட்டிலிருந்து உரிக்காத முட்டை ஒன்றை எடுத்தார். பிள்ளைகள் தங்கள் முட்டைகளை மறந்துவிட்டு அவரையே பார்த்தன. கூர்முனையைத் தரையில் தட்டினார். ஓடு உடையவில்லை.

“டீச்சர், அடிப்பக்கம் தட்டணும்” என்றாள் கவிநிலா.

டீச்சர் முட்டையைத் திருப்பிப் பிடித்துத் தட்டினார்.