சம்ஹாவுக்குத் தெரிந்த வண்டி

ஹிலைஸ் தன் வாயால் கெட்டவன் என்று அவன் மனைவி மிஸ்னா சொல்வாள். அது முழு உண்மை இல்லை. பாதி அவன் கையாலும் கெட்டான்.

முதலில் வாய். வஹீபா பாலைவன மணலில் ஒட்டகம் வளர்க்கிற எவனும் தன் ஒட்டகத்தைப் பற்றி நாலு வார்த்தை கூட்டித்தான் சொல்வான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஹிலைஸ் ஒட்டகத்தோடு வண்டியையும் சேர்த்துக்கொண்டான். எண்பத்திரண்டாம் வருஷத்து லேண்ட் குரூசர் பிக்கப். இருபத்தைந்து வருஷம் அதில்தான் தீவனம் ஏற்றினான், தண்ணீர் ஏற்றினான், கல்யாணங்களுக்குப் போனான், பிறந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். "என் வண்டிச் சத்தம் ரெண்டு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கேட்டாப் போதும், என் ஒட்டகமெல்லாம் வரிசையா வந்து நிக்கும்" என்று காப்பி ஊற்றுகிற இடத்திலெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அந்த வண்டி கொதித்து, புகை கக்கி, நின்றுபோனது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் புத்தம்புது வெள்ளை பிக்கப் ஒன்றை வாங்கி அனுப்பினான். பழையது வீட்டுக்குப் பின்னால் இலந்தை மரத்தடிக்குப் போனது. ஒரு வாரத்தில் ஆடுகள் அதில் குடியேறிவிட்டன.

அடுத்த கோடையில் சம்ஹா காணாமல் போனாள்.

சம்ஹா பிறந்தபோதே தாய் செத்துவிட்டது. ஹிலைஸின் அப்பா காலத்திலிருந்து வந்த கறவை ஒட்டக வம்சத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். ஈரம் காயாத குட்டியை மடியில் போட்டுக்கொண்டு மிஸ்னா அந்தப் பழைய வண்டியில்தான் வீடு வந்தாள். மூன்று மாதம் பக்கத்துப் பட்டிகளுக்கெல்லாம் அதே வண்டியில் போய், ஆட்டுப்பால் வாங்கிவந்து புட்டியில் புகட்டினார்கள். வண்டிச் சத்தம் கேட்டால் பால் வருகிறது என்று குட்டிக்குத் தெரிந்துவிட்டது. வளர்ந்த பிறகும் அவள் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

"வண்டி வரல, அதான் தேடிட்டுப் போயிட்டா" என்றாள் மிஸ்னா.

"ஒட்டகம் எங்கயாவது வண்டியத் தேடுமா? மழை பேஞ்ச பக்கம் மேயப் போயிருக்கும்" என்றான் ஹிலைஸ். அந்த வருஷம் எந்தப் பக்கமும் மழை இல்லை.

மூன்று வருஷம் கழித்து, சம்ஹா சஞ்சூரின் மந்தையில் இருப்பதாகத் தகவல் வந்தது. சஞ்சூர் தூரத்துப் பங்காளி; மேற்கே முப்பது கிலோமீட்டர். திருடன் இல்லை. வழிதவறி வந்த ஒட்டகத்தைப் பற்றி சினாவ் சந்தையில் மூன்று வாரம் கேட்டுப் பார்த்தவன். அந்த மூன்று வாரமும் ஹிலைஸ் மஸ்கட்டில் புதுப் பேரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சூட்டுக்குறியைப் பார்க்கலாம் என்றால், இருவரும் ஒரே வகையறா, குறியும் ஒன்றுதான். பிரித்துக் காட்டுகிற சின்னக் கோடு ஒன்று கழுத்தில் இருந்தது. சொறி வந்து அந்த இடமே வழுக்கையாகிவிட்டது.

ஹிலைஸ் போய் நின்றதும் சம்ஹா அவனை முகர்ந்து பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அசைபோட்டாள்.

"பாத்தியா" என்றான் சஞ்சூர்.

"கோவமா இருக்கா."

"யாருன்னே தெரியல, அப்புறம் என்ன கோவம்?"

"நான் சத்தியம் பண்றேன்."

"ஒரு ஒட்டகத்துக்காகப் பங்காளியச் சத்தியம் பண்ண வெச்சேன்னு ஊர் பேசவா? வேணாம். வண்டிச் சத்தத்துக்கு வரிசையா வந்து நிக்கும்னு சொல்லுவியே, அந்த வண்டியக் கொண்டா. இவ அது பின்னால தானா நடந்து, அதோ அந்த வன்னி மரத்தத் தாண்டினா உன்னோடவ. கயிறு போடக் கூடாது. தொடக் கூடாது. கூப்பிடக் கூடாது. தீவனம் காட்டக் கூடாது."

"அந்த வண்டில ஆடு குடியிருக்கு."

"காலி பண்ணச் சொல்லு. பேரீச்சை பழுக்கறதுக்குள்ள வா. அப்புறம் நாங்க தோப்புக்குப் போயிருவோம்."

இனி கை. ஆடுகளை விரட்டவே இரண்டு நாள் ஆனது. பெட்ரோல் டாங்கில் கால்வாசி மணல். ஒவ்வொரு போல்ட்டையும் டீசலில் ஊறவைத்து, ஒரு நாள் காத்திருந்து, கெஞ்சி, திட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. இன்ஜின் தலையைக் கழற்றிக் கூடத்துப் பாயில் வைத்தான். கார்புரேட்டரை மிஸ்னா ரொட்டி சுடும் தட்டில் பிரித்துப் போட்டான். அன்று வீட்டில் ரொட்டி இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் மிஸ்னா கார்புரேட்டரைத் துண்டில் கட்டி அவன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

இரண்டாம் மாதக் கடைசியில் வண்டி கிளம்பியது. இன்ஜின் பக்கத்தில் புகைக்குழாய் சேருகிற இடத்தில் பழைய கசிவு அப்படியே இருந்தது. டக் டக் டக் டக் என்று அடித்துக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்று சுற்றியது. பின்கதவுச் சங்கிலிகள் தகரத்தில் மோதின.

"போதும், ஓடுது. போய் என் பிள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்றாள் மிஸ்னா.

"இந்த மூஞ்சியோடயா? சஞ்சூர் சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டும். ஒட்டகம் வேணுமா, அவன் பாராட்டு வேணுமா?"

நல்ல கேள்வி. ஹிலைஸ் துரு தேய்க்கும் கம்பித் தூரிகையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த மனுஷனை என்ன சொல்வது? பிரித்த கை சும்மா இருக்கவில்லை. தளத்தைத் தேய்க்கப் போனவன் ஓட்டையைப் பார்த்தான். ஓட்டையை அடைக்கப் போனவன் கதவு தொங்குவதைப் பார்த்தான். கசிந்த இடத்துக்குப் புது கேஸ்கெட் போட்டான். சைலன்சர் புதிது. சங்கிலிகள் வண்ணத்தைச் சுரண்டுமே என்று தண்ணீர்க் குழாய் ரப்பரை வெட்டி உறைபோல மாட்டினான். இருபத்தைந்து வருஷமாக ஒட்டகத் தீவனத்துக்கு மத்திக் கருவாட்டு மூட்டை ஏற்றி ஏற்றித் தளத்தில் ஊறிப்போயிருந்த நாற்றத்தை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி, அதன் மேல் பழைய மணல் நிறத்திலேயே புதுப் பெயின்ட்டை அடித்தான். அந்த நாற்றத்தை எடுக்கச் சொல்லி மிஸ்னா கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அவனுக்கு நேரம் கிடைத்தது.

ஐந்தாம் மாதம் வேலை முடிந்தது. வண்டி நின்றுகொண்டிருக்கிறதா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்று மிஸ்னா கதவில் கைவைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். ஹிலைஸ் வாய்கொள்ளாச் சிரிப்போடு தலைப்பாகையை மாற்றிக் கட்டினான்.

சஞ்சூரின் கூடாரத்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தது காலைக் காப்பி நேரம். வண்டி வந்து நின்றது சஞ்சூருக்குத் தெரியவே இல்லை, திரும்பியபோதுதான் பார்த்தான். எழுந்து சுற்றி வந்தான். பின்கதவை ஏற்றி இறக்கினான். சங்கிலி மூச்சுக்கூட விடவில்லை.

"அழகா இருக்கு பங்காளி. மனசாரச் சொல்றேன்" என்றான். "மதினி, நீங்களும் வந்தீங்களா. நல்லதாப் போச்சு. முதல்ல காப்பி."

மூன்று குவளை குடித்தார்கள். மந்தை இருநூறு அடி தள்ளி நின்றது. சம்ஹாவின் வயிறு பருத்திருந்தது, சினை. ஹிலைஸ் மிஸ்னாவோடு வண்டியில் ஏறி மந்தையை ஒட்டி மெல்ல ஓட்டினான். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. ஹாரன் அடித்தான், ஹாரனும் புதிது. சம்ஹா ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மணலைச் சுற்றிக் காட்டுகிற வண்டிகளை அந்தப் பக்கத்து ஒட்டகங்கள் பார்க்கிற பார்வைதான். பிறகு முள்செடியில் வாய்வைத்தாள்.

மூன்றாவது சுற்றை ஹிலைஸ் முடிக்கவில்லை. மேட்டின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இது அந்த வண்டி இல்ல" என்றாள் பக்கத்தில் இருந்த மிஸ்னா.

"அதே வண்டிதான். அதே நம்பர்."

"நம்பரப் பாத்தா அது வரும்? நான் கண்ண மூடிட்டு உக்காந்திருந்தா எனக்கே இது யார் வண்டின்னு தெரியாது."

ஹிலைஸ் இன்ஜினை அணைத்தான். இறங்கினான். முதலில் பின்பக்கம் போய்ச் சங்கிலிகளின் ரப்பர் உறையைக் கத்தியால் கிழித்து எறிந்தான். அடியில் நுழைந்து சைலன்சரைப் பிடித்திருந்த கிளாம்ப்பைக் கழற்றினான். கடைசியாக முன்மூடியைத் திறந்து, ஸ்பேனரை எடுத்து, கொதிக்கிற இன்ஜினுக்குள் கைவிட்டு, புகைக்குழாய் சேருகிற இடத்தில் கடைக்கோடி இரண்டு நட்டுகளைத் தளர்த்தினான். இரண்டு விரல் வெந்தது. அந்த நட்டுகளை இறுக்க ஒரு வாரம் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். தளர்த்த ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சஞ்சூர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தடுக்கவில்லை. "கருவாடு மட்டும் எடுக்காத பங்காளி" என்று கத்தினான். "கருவாட்டுக்கு என் மாமியார்கூட வந்துருவா."

ஹிலைஸ் சாவியைத் திருப்பினான்.

டக் டக் டக் டக். சைலன்சர் கழன்ற குழாய் அடியில் உறுமியது. சங்கிலிகள் புதுப் பெயின்ட்டைக் கொத்திக்கொண்டு தகரத்தில் அடித்தன. ஹிலைஸ் மேட்டைச் சுற்றி மந்தையின் பக்கம் ஓட்டினான்.

எல்லா ஒட்டகங்களும் நிமிர்ந்தன. நாலைந்து மிரண்டு ஓடின. சம்ஹா வாயிலிருந்த முள்கொடியை அப்படியே தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். பிறகு நடந்தாள். பிறகு ஓடினாள், வயிற்றுப் பாரத்தோடு, கோணலாக. ஹிலைஸ் இருந்த பக்கம் வரவில்லை. மறுபக்கம் போய், மிஸ்னாவின் ஜன்னலுக்குள் கழுத்தை விட்டு, அவள் மடியை முகர்ந்தாள். புட்டி அங்கேதான் இருக்கும்.

மிஸ்னா அழுதாள். கூப்பிடக் கூடாது என்ற நிபந்தனை நினைவிருந்ததால் வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மெதுவா ஓட்டுங்க. சினை" என்றாள் கடைசியில்.

ஹிலைஸ் வன்னி மரத்தை நோக்கி நடை வேகத்தில் வண்டியை விட்டான். பக்கக் கண்ணாடியில் பார்த்தான். அதுவும் புதிது, நன்றாகத் தெரிந்தது. சம்ஹா பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் பின்னால் சஞ்சூர் தனியாக நின்றிருந்தான், காப்பிக் குவளை இன்னும் கையில். மூன்று வருஷம் சொறிக்கு மருந்து தடவியவன், தண்ணீர் சுமந்தவன். அவன் முகத்தைப் பார்க்க ஹிலைஸுக்கு என்னவோபோல் இருந்தது. சஞ்சூர் குவளையைக் கீழே வைத்துவிட்டு, நின்று பார்க்க மாட்டாதவனாகத் தன் சாம்பல் நிற பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தான். மற்ற ஒட்டகங்களுக்குத் தண்ணீர் எடுக்கிற நேரம் அது. வண்டியைக் கிளப்பினான்.

டீசல் வண்டி. பெல்ட் கீச்சென்று ஒருமுறை கத்திவிட்டுத்தான் ஓடும். மூன்று வருஷமாகச் சம்ஹாவுக்குத் தண்ணீர் வந்தது அந்தச் சத்தத்தோடுதான்.

சம்ஹா நின்றுவிட்டாள்.

மரத்துக்கு இன்னும் இருபது அடி இருந்தது. அவள் கழுத்து மட்டும் திரும்பியது. சாம்பல் வண்டியைப் பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். மறுபடியும் அந்தப் பக்கம் பார்த்து, ஒரு கால் எடுத்து வைத்தாள்.

ஹிலைஸ் ஆக்சிலரேட்டரை மிதித்தான். டக் டக் என்று வண்டி அலறியது. அவள் அசையவில்லை. மிஸ்னா அவன் தொடையில் கைவைத்து அழுத்தினாள்.

"விடுங்க. அதுக்கும் மனசு இருக்குல்ல" என்றாள்.

ஹிலைஸ் காலை எடுத்தான். கண்ணாடியில் சஞ்சூர் தெரிந்தான். வண்டிக்குள் உட்கார்ந்து, முன்கண்ணாடி வழியாகச் சம்ஹாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சும்மா இருந்தால் போதும். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் போதும். சொன்ன நிபந்தனைகளில் எதையும் அவன் மீறியிருக்க மாட்டான்.

சாம்பல் வண்டியின் சத்தம் நின்றது.

சஞ்சூர் சாவியை எடுத்துவிட்டான். அந்த வெயிலில், ஜன்னலை ஏற்றிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

சம்ஹா இன்னும் கொஞ்ச நேரம் காதை விறைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நின்றாள். ஒன்றும் வரவில்லை. பிறகு கழுத்தைத் திருப்பிக்கொண்டு, மரத்தைத் தாண்டி நடந்து வந்து, பின்கதவில் மூக்கை வைத்தாள்.

முப்பது கிலோமீட்டரையும் நடை வேகத்தில்தான் போக வேண்டியிருந்தது. முதல் மேடு ஏறியதும் ஹிலைஸ் கண்ணாடியைப் பார்த்தான். சாம்பல் வண்டி அதே இடத்தில், அணைந்தபடி நின்றது.

"நான் தேடல. அதுதான் வண்டியத் தேடிட்டுப் போச்சு. நீ சொன்னது நெசந்தான்" என்றான் ஹிலைஸ்.

"ம்."

"குட்டி பொட்டையாப் பொறந்தா பால்குடி மறந்ததும் அவன்ட்ட கொண்டுபோய் விட்டுருவோம்."

"கெடாவாப் பொறந்தா?"

ஹிலைஸ் கொஞ்ச தூரம் யோசித்தான். "அதையும்" என்றான்.

மிஸ்னா ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, வண்டியின் பக்கத்தில் ஒட்டி நடந்த சம்ஹாவின் கழுத்தில், அந்த வழுக்கை இடத்தில் வைத்துக்கொண்டாள். மரத்தைத் தாண்டிவிட்டதால் இனிமேல் தொடலாம். அடுத்த மேட்டை இறங்கியதும் இங்கே இவர்கள் வண்டிச் சத்தத்துக்கு நடுவே, வெகு தூரத்தில், சாம்பல் வண்டியின் பெல்ட் கீச்சென்று ஒருமுறை கத்துவது கேட்டது. சம்ஹா கண்ணுக்கு மறையும்வரை சஞ்சூர் காத்திருந்திருக்கிறான்.