கோவிந்தம்மாள் மாற்றச் சொன்ன பெட்ரோல் குழாய்

ஆம்பூரில் எங்கள் பக்கத்தில் கோவிந்தம்மாளுக்குப் பொறாமைக்காரி என்று பெயர். அந்தப் பெயரை அவள் மறுத்ததும் இல்லை. அடுத்த வீட்டு அடுப்பு தன் அடுப்புக்கு முன்னால் புகைந்தாலே அவளுக்குப் பொறுக்காது. ஓரகத்தி மூக்குத்தி போட்டுக்கொண்டபோது, தன் வெறும் மூக்கைத் தடவிக்கொண்டே பல நாள் திரிந்தாள். அமீர் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிப்பது அவள் வேலை. புருஷன் கன்னியப்பன் அதே அமீர் பாஷாவுக்குத் தோல் பாரம் ஏற்றும் மாட்டு வண்டி ஓட்டினான். அவர் மோட்டார் பஸ் வாங்கியபோது அதைத் துடைக்கப் போனான். பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷத்தில் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் இடையே டிரைவர் ஆகிவிட்டான்.

அந்தச் சில மாதங்கள்தான் கோவிந்தம்மாள் யாரையும் பார்த்துப் பொறாமைப்படாமல் இருந்தது. மற்ற பெண்கள் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அதைக் கெடுத்தவள் முனியம்மா. பேரணாம்பட்டுச் சந்தைக்குப் புளி கொண்டுபோய் விற்கிறவள். அடிக்கடி அந்த பஸ்ஸில் போவாள்.

"ஏன்டி கோவிந்தம்மா, உங்க வூட்டுக்காரரு வண்டிக்கு ரொம்ப தண்ணித் தாகம்டி."

"இன்னா சொல்ற?"

"உம்மராபாத் தாண்டி ஒரு மேடு வருதில்ல? அங்க கமலம்னு ஒருத்தி இருக்கா. புருஷன் கோலார் சொரங்கத்துக்குப் போனவன், வருசக் கணக்கா வர்ல. வண்டி கரெக்டா அவ வாசல்ல போயி மூச்சு வாங்கும். அவ சொம்போட வருவா. ஒரு நாளுன்னா சரி. தெனைக்கும் அதே எடம்!"

"வண்டி ரிப்பேரா இருக்கும்."

"இருக்கும், இருக்கும். என் வூட்டு மாடுகூட எப்பனா வழி மாறிப் போவும். உன் வூட்டுக்காரரு வண்டி மாறவே மாறாது."

அன்று சாயங்காலம் கன்னியப்பன் சாப்பிட உட்கார்ந்ததும் கோவிந்தம்மாள் குழம்புச் சட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"கமலம் யாரு?"

கன்னியப்பன் நிமிர்ந்து பார்த்தான். "மேட்டுல தண்ணி குடுக்குமே, அதுவா?"

"பேரு தெரியுது."

"பேரு தெரியாம? வண்டில வர்றவங்க கூப்படறாங்க. குழம்ப ஊத்து."

அவள் ஊற்றவில்லை. அவன் பெருமூச்சு விட்டுவிட்டு விளக்கினான். பஸ்ஸின் பின்னால் இருக்கும் பெட்ரோல் தொட்டியிலிருந்து முன்னால் எஞ்சினுக்கு ஒரு செப்புக் குழாய் போகிறது. எஞ்சின் அதன் வழியாகத்தான் பெட்ரோலை உறிஞ்சுகிறது. அடியில் இரும்புச் சட்டத்தில் உரசி உரசி அந்தக் குழாய் தேய்ந்து கீறல் விட்டுவிட்டது. சமதரையில் எப்படியோ ஓடிவிடும். மேடு ஏறும்போது பெட்ரோலோடு காற்றும் ஏறி, எஞ்சின் இருமி நின்றுவிடும். கீறலைச் சுற்றிச் சவுக்காரம் அப்பித் துணி கட்டி, மேலே தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்தால் மறுபடி கிளம்பும்.

"பப்பாளித் தண்டுல ஓட்ட இருந்தா, தண்ணி உறிஞ்ச முடியுமா? காத்துதான் வரும். அதான் கத."

"அப்ப புதுக் குழாய் போட வேண்டிதான?"

"சாயபு வாங்கித் தர மாட்டேன்றாரு."

கோவிந்தம்மாள் குழம்பை ஊற்றினாள். ஆனால் மறுநாள் தோல் ஷாப்பில் பட்டை இடித்துக்கொண்டிருந்தவள், அமீர் பாஷா வருவதைப் பார்த்ததும் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரில் போய் நின்றாள்.

"சாயபு, வண்டிக்கு ஒரு பெட்ரோல் பைப்பு வாங்கிக் குடுங்க."

அமீர் பாஷா சிரித்துவிட்டார். "இன்னாம்மா, நீயும் டிரைவரு வேலைக்கு வர்றியா?"

"எங்க வூட்டுக்காரரு கேட்டு நீங்க இல்லன்னுட்டீங்களாமே."

"கன்னியப்பனா? அவன் எப்ப கேட்டான்? நான்தான் கேட்டேன், பைப்பு மாத்தணுமாடான்னு. வேணாம் சாயபு, சோப்பு சுத்துனா போதும்னான். இப்ப வேணும்னாலும் வாங்கித் தர்றேன்."

கோவிந்தம்மாள் திரும்பிப் போய் உலக்கையை எடுத்தாள். அன்று அவள் இடித்த பட்டை மாவாகப் போயிற்று. இவ்வளவு தூளானால் தோல் ஊறும் தொட்டியில் போட உதவாது என்று மேஸ்திரி சத்தம் போட்டது அவள் காதில் விழவில்லை. கேட்கவே இல்லையாம். கொடுக்கிறேன் என்றவரிடம் வேண்டாம் என்றானாம். சொம்புத் தண்ணீருக்காக ஒரு மனிதன் ஓட்டைக் குழாயை வைத்துக் காப்பாற்றுவானா? காப்பாற்றியிருக்கிறானே.

வீட்டில் அதைக் கேட்டதும் கன்னியப்பனுக்கு முகம் சிவந்தது. "சாமான் கேக்கற டிரைவர வண்டி ஒடைக்கறவன்னு சொல்லுவாங்கடி. எப்ப எறங்குவான்னு வெளிய எத்தினி பேரு நிக்கறான் தெரியுமா? அதான் கேக்கல. உங்கிட்ட சாயபு மேல பழியப் போட்டேன்."

அது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி. சாயபு பைப்பு வாங்கித் தர்றேன்னுட்டாரு. நீ மாத்து. மாத்தின அப்பறம் நான் வண்டில வருவேன். அவ வூட்டு வாசல்ல வண்டி நின்னா, அப்படியே பேரணாம்பட்டுலேர்ந்து குடியாத்தம் போய்டுவேன், எங்க அம்மா வூட்டுக்கு. திரும்ப மாட்டேன்."

"நிக்கலன்னா?"

"நிக்காட்டி வர்றேன்."

சென்னையிலிருந்து ரயிலில் செப்புக் குழாய் சுருளாக வந்தது. வண்டி ஓடாத நாளில், ஷெட்டில் கன்னியப்பன் வேலையைத் தொடங்கினான். கோவிந்தம்மாள் ஒரு கவிழ்த்த பீப்பாயின் மேல் உட்கார்ந்து, ஒரு நொடியும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். தொட்டியைக் காலி செய்து, இரண்டு முனையிலும் நட்டைக் கழற்றிப் பழைய குழாயை உருவினான். சவுக்காரமும் துணியும் சேர்ந்து, கட்டுப் போட்ட விரல் மாதிரி இருந்தது அது. அதை அவள் வாங்கி, கட்டைப் பிரித்து, கீறல் உண்மையிலேயே இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தாள். இருந்தது.

புதுக் குழாயைப் பழையதன் அளவுக்கு வெட்டி, வளைக்கும்போது நசுங்காமலிருக்க உள்ளே மணலை நிரப்பினான். முழங்காலில் வைத்து மெல்ல மெல்ல வளைத்தான். மணலைத் தட்டி, ஊதிச் சுத்தம் செய்தான். இரண்டு முனைகளையும் கூம்பு இரும்பை வைத்து அடித்து அகல வாயாக்கினான். நிமிர்ந்தபோது இரண்டு நட்டும் தரையிலேயே கிடந்தன. நட்டை முதலில் கோத்துவிட்டுத்தான் வாயை அகலப்படுத்த வேண்டும்.

"இன்னாச்சு?" என்றாள்.

"உன்னாலதான். இப்பிடி மொறச்சிக்கினு இருந்தா எவனுக்கு வேல ஓடும்?"

"எனக்கு இன்னா தெரியும்? மனசு வேற எங்கனா இருந்தா இப்பிடித்தான்."

முனைகளை வெட்டி மறுபடி செய்தான். சட்டத்தில் உரசும் இடங்களில் தோல் துண்டுகளை வைத்துக் கட்டினான். முன்பக்கம் வாயை வைத்து உறிஞ்சிப் பெட்ரோலை வரவழைத்துத் துப்பினான். எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது.

சந்தை நாளில் கோவிந்தம்மாள் துணி மூட்டையோடு ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முனியம்மா மூலம் பஸ் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. "நிக்கும்பா" என்றார் ஒரு லுங்கி வியாபாரி. "புதுப் பைப்பு, நிக்காது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கன்னியப்பன் ஹாரனை அடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

உம்மராபாத் தாண்டி மேடு தொடங்கியது. எல்லாரும் முன்னால் எட்டிப் பார்த்தார்கள். வண்டி முனகிக்கொண்டே ஏறியது, இருமவில்லை. மேட்டின் மேல் கமலம் சொம்போடு நின்றிருந்தாள். பஸ் அவளைத் தாண்டிப் போயிற்று. கன்னியப்பன் தலை அரை அங்குலம்கூடத் திரும்பவில்லை.

வண்டிக்குள் ஒரே ஆரவாரம். "பாத்தியா?" என்றான் கன்னியப்பன் முன்னாலேயே பார்த்தபடி.

கோவிந்தம்மாள் பார்த்தது வேறு. இத்தனை நாள் தண்ணீர் வாங்கிக் குடித்தவன் ஒரு பார்வைகூடப் பார்க்காமல் போவானா? பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டவன்தானே அப்படிப் போவான்? போதாததற்கு, தூசிக்குள் நின்ற கமலத்தின் தலையில் புதுக் கனகாம்பரம்.

"வண்டிய நிறுத்து."

"இன்னாத்துக்கு?"

"நிறுத்துன்னா நிறுத்து!"

நிறுத்தினான். அவள் இறங்கி, கமலம் நின்ற இடத்துக்குத் திரும்பி நடந்தாள்.

"நிக்காம போய்ட்ச்சே. ரிப்பேரு சரியாய்ட்ச்சா?" என்று கேட்டாள் கமலம். நல்ல செய்தியைக் கேட்கிறவள் குரலாக அது இல்லை.

"ஆய்ட்ச்சு. நான்தான் மாத்தச் சொன்னேன். டிரைவரு பொஞ்சாதி."

"அப்பிடியாக்கா? வா, ஒரு வாய் தண்ணி குடி."

"தலைல பூ யாருக்கு?"

கமலம் கையைத் தூக்கிப் பூவைத் தொட்டாள். கோபப்படுவாள் என்று கோவிந்தம்மாள் எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை.

"வண்டி நின்னா பொம்பளைங்க எறங்குவாங்க. நாலு பேச்சு பேசலாம். இந்த மேட்டுல வேற யாரு இருக்கா? பூ வெச்சிக்காட்டி, இவ புருஷன் செத்துட்டான் போலன்னு தள்ளிப் போறாங்கக்கா. அவரு உசுரோடதான் இருக்காரு. வரத்தான் இல்ல."

கோவிந்தம்மாள் சொம்பை வாங்கிக் குடித்தாள். தண்ணீர் தித்தித்தது, அதுவும் பிடிக்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு எப்பிடி?"

"டிரைவரா?" கமலம் சிரித்தேவிட்டாள். "அவருக்கு பைப்ப விட்டா வேற இன்னா தெரியும்? அதுவும் வெங்காய வாசன! யம்மா!"

காலையில் கன்னியப்பனின் கஞ்சிக்கு ஒரு வெங்காயம் வைப்பவள் கோவிந்தம்மாள்தான். தன் புருஷனைப் பார்த்து இன்னொருத்தி சிரிப்பதா என்று சுருக்கென்றது. அடுத்த நொடியே இன்னொன்றும் தைத்தது. வெங்காய வாசனை தெரிகிற அளவுக்கு இவள் பக்கத்தில் நின்றிருக்கிறாள்.

ஹாரன் அடித்தது. கோவிந்தம்மாள் வந்து ஏறினாள்.

"வண்டி அவ வாசல்ல நின்னுட்ச்சேடி" என்றாள் முனியம்மா. "அப்ப அம்மா வூட்டுக்குத்தான?"

"நான் நிறுத்துனது கணக்குல வராது. உன் புளியப் பாரு."

கன்னியப்பன் கியரைப் போட்டான். கொஞ்ச தூரம் போனதும், பார்வையை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு, "இன்னா சொல்லிச்சு அது?" என்று கேட்டான்.

"அண்ணன் சௌக்கியமான்னு கேட்டுச்சு."

"எந்த அண்ணன்?"

"நீதான். இனிமே உனக்கு அது தங்கச்சி. ஞாபகம் வெச்சிக்க."

அப்படி யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அவன் முகம் எப்படிப் போகிறது என்று அவள் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். அவன் மேடு பள்ளத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பேரணாம்பட்டில் குடியாத்தம் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. அவள் அதன் பக்கம் போகவில்லை. மூட்டையோடு அதே இருக்கையில் உட்கார்ந்து, சாயங்காலம் அதே பஸ்ஸில் ஆம்பூருக்குத் திரும்பினாள். இறங்கும்போது சொன்னாள்:

"நாளைலேர்ந்து காலைல உனக்கு ரெண்டு வெங்காயம்."

"இன்னாத்துக்குடி?"

"குடுத்தா தின்னு."