ஒழுகாத கூரை யார் போட்டது?

கே.கே. நகரில் பதினொரு வீடுகள், அடையாறில் ஒரு கல்யாண மண்டபம், ராஜா அண்ணாமலைபுரத்தில் நாலு மாடிக் கட்டடம். எல்லாம் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் கட்டியவை. ஒன்றிலும் விரிசல் கிடையாது.

போன வாரம் தி. நகரில் ஒரு பழைய ஜவுளிக்கடையைப் புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள். பல வருடம் பூட்டிக் கிடந்த மூன்றாம் மாடியில் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்ததும் தேக்கு உத்தரங்கள் தெரிந்தன. சுண்ணாம்பு வாசனை முகத்தில் அடித்தது. இளம் இன்ஜினியர் முதலாளியிடம், "வெள்ளைக்காரன் போட்டது சார். அதான் இன்னும் ஒழுகல" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரன் போய்ப் பல வருடம் கழித்துப் போட்ட கூரை அது. அப்போது எனக்கு ஏழு வயது. என் அம்மா கண்ணம்மாவும் பத்துப் பெண்களும் மேலே வரிசையாகக் குந்தி, சுண்ணாம்புக் கலவையை மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்தார்கள். கலவை இறுகிக் கட்டை துள்ளி எழும்பும்வரை மேஸ்திரி விடமாட்டார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை முன்னால் தெளித்துக்கொண்டே போனவன் நான். வெல்லமாச்சே என்று ஒரு கை அள்ளிக் குடித்தேன். கடுக்காயின் துவர்ப்பில் நாக்கு சுருண்டுவிட்டது.

"அது கூரைக்குடா நைனா, உனக்கில்ல!" என்று அம்மா சிரித்தாள். அவள் உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது.

"அந்த வெள்ளைக்காரன் பேரு இன்னாபா?" என்று இன்ஜினியரிடம் கேட்டேன்.

வாசலில் புதுக் கல்வெட்டு வைக்கப்போகிறார்களாம். முதலாளி, முதல் வரியில் 'கூரை போட்டவர் கண்ணம்மா' என்று வெட்டுங்கள். அடுத்த வரியில், தண்ணீர் தெளித்தவன் என்று என் பெயர். அதுவரை நான் ஒரு செங்கல்லையும் தொடமாட்டேன்.